சட்டையில் குத்திய சரித்திரம்

கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் போகிற புறநகர் ரயில்கள் சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்புகின்றன. தினமும் அங்கே ரயில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வெறும் நிலையத்தின் பெயர். 1985 மே 30 அன்று தீப்பிடித்து அழியும்வரை அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு மார்க்கெட் இருந்தது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டி, 1900இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, செல்லாக் காசு, யாரோ தொலைத்த பதக்கம், யாரோ விற்ற பேட்ஜ் எல்லாம் அங்கே கிடைத்தன. தீக்குப் பிறகு வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சம்பளத்தில் பெரிய பங்கைச் செலவழிக்காமல் பேட்ஜ் சேகரிக்க நினைக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைபார்க்கும் இளைஞருக்கு முதல் கடை, ரயிலைவிட்டு இறங்கினால் நடக்கும் தூரத்தில்தான்.

பேட்ஜ் என்றதும் இன்றைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பைமீது குத்தும் எனாமல் பின். கண்ணாடிப் பொடியில் நிறத்துக்கு உலோக ஆக்சைடு கலந்து, செம்புத் தகட்டின் பள்ளங்களில் நிரப்பி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கினால் கிடைப்பது அசல் எனாமல். ஜெய்ப்பூரின் மீனாகாரி நகையும் இதே குடும்பம்தான். இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டில் இதை மொத்த உற்பத்தியாக்கி, பேரரசு முழுவதற்கும் தொப்பிச் சின்னங்களை அனுப்பின. இப்போது சீனத்திலிருந்து வந்து குவிகிற ‘சாஃப்ட் எனாமல்’ வேறு ரகம். அச்சடித்த தகட்டின் குழிகளில் வண்ணம் ஊற்றி, குறைந்த சூட்டில் காயவைத்தது. விரலால் தடவினால் மேடுபள்ளம் தட்டுப்படும். வழவழவென்று சமமாக இருந்தால் அது ‘ஹார்டு எனாமல்’. விலையும் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் திருவள்ளூர் வட்டாரத்தில் சட்டையில் உலோகம் குத்தும் வழக்கம் எனாமலோடு ஆரம்பிக்கவில்லை. அதற்கு முன்பே டவாலி வந்துவிட்டது.

கலெக்டருக்கு முன்னால் நடக்கிற தபேதாரின் தோளிலிருந்து குறுக்காக இறங்கும் பட்டை டவாலி. அதன் நடுவில் பதித்த பித்தளைத் தகடு பில்லை. எழுத்து வழக்கில் வில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கச்சேரிச் சேவகனுக்குப் பெயர் தேவைப்படவில்லை, பில்லை போதும். அதைக் கண்டால் ஊர் எழுந்து நின்றது. சம்மன் வாங்க மறுத்தவர்கள்கூட அந்தப் பித்தளையோடு வாதாட மாட்டார்கள். ஆள் மாறுவான், தகடு மாறாது. வேலையை விட்டால் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதிகாரம் மேலிருந்து கீழே வந்து மார்பில் உட்கார்ந்த காலம் அது.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம், வாலாஜா வரை ஓடியது. அன்றே இன்னொரு ரயில் திருவள்ளூருக்கும் விடப்பட்டது. ரயிலோடு எண் போட்ட பித்தளையும் பெருகியது: கார்டு, பாயிண்ட்ஸ்மேன், சுமை தூக்கும் போர்ட்டர் என்று ஆளுக்கொரு தகடு. போர்ட்டரின் கைப்பில்லைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ரயில்வே விதிகளின்படி அதை நெருங்கிய உறவினர் பெயருக்கு மாற்றித் தரலாம். அப்பனின் எண்ணைப் பிள்ளை கையில் கட்டிக்கொள்ளும் தொழில்கள் நாட்டில் அதிகமில்லை.

சினிமா இதை விட்டுவைக்குமா? 1975இன் ‘தீவார்’ இந்திப் படத்தில் அமிதாப் பச்சனின் 786ஆம் எண் பில்லை ஒரு பாத்திரமாகவே வந்தது. 1981இல் ரஜினிகாந்த் நடிக்க அந்தப் படம் தமிழில் ‘தீ’ ஆனது. 2025இல் வெளியான ‘கூலி’யில் ரஜினி கையில் மின்னும் 1421, இயக்குநர் லோகேஷ் கனகராஜின் தந்தை பஸ் கண்டக்டராக அணிந்த பேட்ஜின் எண். நடிகராகும் முன் ரஜினியும் கண்டக்டர் பேட்ஜ் குத்தியவர்தான் என்பதால், ரசிகர்களுக்கு அந்த எண்ணில் இரட்டைச் சந்தோஷம்.

சாமானியர் காசு கொடுத்து வாங்கிய முதல் பில்லை சைக்கிளுக்கானது. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வசூலித்து, கட்டியதற்கு அடையாளமாகச் சின்னத் தகடு ஒன்றைத் தந்தன. வருடத்துக்கொரு வடிவம்: ஒரு வருடம் வட்டம் என்றால் மறுவருடம் வேறொன்று. தூரத்திலிருந்தே வரி பாக்கிக்காரனைப் பிடித்துவிட அதிகாரிகள் கண்ட உபாயம் அது. பில்லை இல்லாத சைக்கிளைப் பிடித்துவைத்துக்கொண்டு கெஞ்சவிட்ட கதை, ஐம்பது வயது தாண்டியவர்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கும். இந்தச் சைக்கிள்களில் பல உருவானதும் இதே வட்டாரத்தில். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் சைக்கிள்களின் நெற்றியில் பதித்த தகட்டு முத்திரைகள் இன்று தனிச் சேகரிப்புப் பிரிவு. சைக்கிள் சட்டகத்திலிருந்து உரித்து எடுக்காமல், ஏற்கெனவே கழன்றதை மட்டும் வாங்குகிறவர்களுக்குச் சேகரிப்பாளர் மத்தியில் மரியாதை உண்டு. அது நியாயமும்கூட.

அதிகாரம் மேலிருந்து தந்து, திரும்பவும் வாங்கிக்கொள்ளும் இந்தப் போக்கைத் திருப்பிப்போட்டது அரசியல். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபையின் 60ஆவது மாநாடு கூடியது. யு.என். தேபர் தலைமை, காமராஜர் அப்போது முதலமைச்சர், ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். ஆவடி அன்று செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல். பிரதிநிதிக்கு ஒன்று, வரவேற்புக் குழுவினருக்கு ஒன்று, தொண்டருக்கு ஒன்று எனத் தனித்தனி பேட்ஜ் தருவது காங்கிரஸ் மாநாடுகளின் வழக்கம். அவற்றை யாரும் திரும்பக் கேட்டதில்லை. குத்திக்கொண்டவர் வீட்டுக்கு எடுத்துப் போனார், பீரோவில் வைத்தார், பேரன் ஒருநாள் காயலான் கடையில் போட்டான்.

திராவிட இயக்கம் வந்தபோது பேட்ஜ் இன்னும் மலிவானது. அமெரிக்காவின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி 1896இல் காப்புரிமை பெற்ற பொத்தான் பேட்ஜ், அதாவது அச்சடித்த காகிதத்தின்மேல் செல்லுலாயிட் போர்த்தி ஊக்கு வைத்த வட்டம், உலகமெங்கும் தேர்தல்களின் சட்டைப்பொருளாகியிருந்தது. அண்ணா படமும் உதயசூரியனும் அதற்குள் கச்சிதமாக அடங்கின. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியதும் ஒரே அண்ணா இரண்டு கட்சிகளின் பேட்ஜ்களிலும் ஏறினார். அந்த ஆண்டுகளின் பேட்ஜ்களை அருகருகே வைத்துப் பார்த்தால், கட்சி பிளந்த வரலாறு இரண்டு அங்குல விட்டத்தில் தெரிகிறது. மாநாட்டுப் பந்தலுக்கு வெளியே இவற்றைப் பரப்பி விற்கும் கடைகள் இன்றும் உண்டு. புதுச் சேகரிப்பாளருக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது: கூட்டம் முடிகிற நேரத்தில் போனால் விலை தானாகவே இறங்கிவிடும்.

ஏறக்குறைய காசே இல்லாமலும் ஆரம்பிக்கலாம். 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் தேதியும் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் கொடிநாள் கொடி இருக்கிறது. ஊழியர் சங்கங்கள் கோரிக்கை வைக்கும்போது அணியும் கறுப்பு பேட்ஜ் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்யாமலே எதிர்ப்பைக் காட்டும் இந்த முறை தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. அதிகாரி தந்த பில்லையை அணிந்த அதே மார்பில், அதிகாரிக்கு எதிரான துணித்துண்டை ஊக்கால் குத்துவது சின்ன மாற்றமல்ல. ஆனால் அதைச் சேகரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. மாலையில் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

1971இல் சிப்காட் உருவாகி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையாக வளர்ந்தபோது தொழிற்சாலைப் பில்லைகள் வந்தன. டூல் ரூமில் ஒரு கருவியை இரவல் வாங்கத் தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போவார். கருவியைத் திருப்பித் தந்தால்தான் டோக்கன் கைக்கு வரும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் கணினியும் அந்த டோக்கன்களை எடைக்குப் போடவைத்தன. தேசியப் பாதுகாப்புக் குழு தொடங்கிய 1966 மார்ச் 4இன் நினைவாக வரும் பாதுகாப்பு தினத்தில், ஆலைகளில் உறுதிமொழியோடு குத்தப்படும் பேட்ஜ்களும் இப்படித்தான். ஆண்டு பொறித்த வரிசையாகச் சேர்த்தால் ஒரு தொழிற்பேட்டையின் நாட்குறிப்பு. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் வேண்டாத தகரம்.

வேண்டாத தகரம் என்பதுதான் பட்ஜெட் சேகரிப்பாளரின் பலம். கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர் காயலான் கடைகளில் பித்தளைக்குக் கிலோ கணக்குதான். சரித்திரத்துக்குத் தனி விலை போடுவதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போடுவார்கள், அங்கே பேரம் தெரிந்திருக்க வேண்டும். வாங்கும்முன் பேட்ஜைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது முதல் பாடம். நீள ஊசியும் கொக்கியும் இருந்தால் பெரும்பாலும் பழசு. வண்ணத்துப்பூச்சி வடிவப் பிடி இருந்தால் அண்மைக்காலத்தது. பின்னால் பொறித்த பட்டறைப் பெயர் முன்பக்கச் சித்திரத்தைவிட நம்பகமான சாட்சி. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பூஜைப் பாத்திரத்துக்குச் சரி. பில்லையில் செய்தால் எழுத்து தேயும், மதிப்பும் கூடவே தேயும்.

விற்பதைவிட மாற்றிக்கொள்வதுதான் இந்த உலகின் பழைய பழக்கம். சாரணர்கள் 1920இல் லண்டன் ஒலிம்பியாவில் முதல் உலக ஜம்போரி நடத்திய காலத்திலிருந்து சின்னம் மாற்றிக்கொள்வது அவர்களுடைய எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது. சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கியது அதற்கும் முன்னால். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட் நிலத்தில் வைரவிழா ஜம்போரி கூடியது. ஒன்றுக்கு ஒன்று என்பதே அங்கே நாணயமுறை. பெரியவர் சிறுவரிடம் அரிய சின்னத்தை ஏமாற்றி வாங்கினால் முகாமே முகம் சுளிக்கும். ஒலிம்பிக்கின் பின் பரிமாற்றம் கம்பெனிகள் புகுந்து வியாபாரமான பிறகும், சாரணர் முகாம்களில் இந்த ஒழுங்கு பெரிதாகக் கெடவில்லை.

சொந்தமாக பின் அடித்துப் பரிமாற்றத்தில் இறங்குகிற இளைஞர்கள் இப்போது பெருகுகிறார்கள். 2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதன்முறையாகக் காமிக் கான் வந்தபோது அந்தக் கூட்டத்துக்கு ஒரு மேடை கிடைத்தது. பட்டறைகள் பத்து இருபது என்று அடித்துத் தருவதில்லை. ஐம்பது, நூறு என்றுதான் ஆர்டர் எடுக்கும். அச்சு வெட்டும் செலவு எண்ணிக்கை எதுவானாலும் ஒன்றே என்பதால், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வடிவத்துக்குப் பணம் போடுவது கட்டுப்படியாகிறது. இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் வரிசையாக நிற்கிற கும்மிடிப்பூண்டியிலிருந்து, கால் ரூபாய் எடை இரும்புக்காக சீனத்துக்கு ஆர்டர் போகிறது என்பது விசித்திரம்தான்.

பழையதில் கைவைப்பவர் ஒரு சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த சரித்திர மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் அதில் வியாபாரமும் செய்யக் கூடாது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908இல் உருவானது. அதன் ஆரம்பகாலப் பில்லைகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன, லண்டன் நண்பருக்குத் தபாலில் அனுப்ப முடியாது. 1951 ஏப்ரல் 14இல் அது வேறு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. புதுப் பெயர் பொறித்த போர்ட்டர் பில்லை கையில் இருப்பவர் 2051 வரை தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.