கார் சாவியும் அதன் கோளாறுகளும்

தொடக்க காலக் கார்களுக்குச் சாவி கிடையாது. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியைக் கிளப்ப, பின்புறம் படுக்கையாக இருந்த பெரிய சுழல்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். பின்னால் வந்த வண்டிகளில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினார்கள். கைப்பலமும் பழக்கமும் உள்ள எவரும் எந்த வண்டியையும் கிளப்பிக்கொண்டு போய்விடலாம். ஃபோர்டு மாடல் டி காரில் தீப்பொறிச் சுருள்கள் அடங்கிய பெட்டியின் முகப்பில் சிறு சாவி ஒன்று இடம்பெற்றது. மின்சாரத்தை இணைப்பதும் துண்டிப்பதும் மட்டுமே அதன் வேலை. சாவி வகைகள் குறைவு என்பதால் ஒருவர் சாவி அடுத்தவர் வண்டிக்குப் பொருந்துவது அதிசயமாக இருக்கவில்லை.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இக்னிஷனுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட்டருக்குத் தனியாக ஒரு பட்டன் அல்லது மிதிகட்டை என்றே இருந்தது. இரண்டையும் ஒரே திருப்பில் சேர்த்த சாவியை 1949இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. சாவியை எடுத்துவிட்டால் எஞ்சின் கிளம்பக் கூடாது, ஸ்டீயரிங்கோ வண்டியின் நகர்வோ தடைபட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1970இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீயரிங் தண்டில் சாவித் துவாரம் அமைவது அதன்பின் வழக்கமாயிற்று.

அந்தக் காலத்துச் சாவியின் கோளாறுகள் கண்ணுக்குத் தெரிபவை. பல் தேயும், பூட்டுக்குள் உள்ள தகடுகள் தேயும், தூசி சேர்ந்து இறுகும். தேய்ந்த சாவியை வைத்து டூப்ளிகேட் போட்டால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அந்த நகலை வைத்து இன்னொன்று போட்டால் அது பூட்டில் நுழையும், திரும்பாது. வைஸில் சாவியைப் பிடித்து அரம் போடத் தெரிந்தவருக்கு இவை அத்தனையும் கைவந்த வேலை.

சாவியில்லாத கதவு

சாவியைத் துவாரத்தில் நுழைக்காமல் கதவைத் திறக்கும் ஏற்பாடு முதலில் எண்பலகையாக வந்தது. 1980ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டு, லிங்கன் கார்களில் ஓட்டுநர் கதவில் ஐந்து பொத்தான்கள் இருந்தன. ரகசிய எண்ணை வரிசையாக அழுத்தினால் கதவு திறக்கும். தொலைவிலிருந்தே திறக்கும் வசதி பிரான்ஸில் பிறந்தது. பால் லிப்ஷுட்ஸ் உருவாக்கிய கருவியை 1982இல் ரெனோ தன் ஃபியூகோ காரில் பொருத்தியது. அது டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியால் இயங்கியது. ஒளி என்பதால் ரிமோட்டைக் காரின் வாங்கியை நோக்கிச் சரியாகப் பிடிக்க வேண்டும். இடையில் எதுவும் மறைத்தாலோ, வாங்கியின் மேல் அழுக்குப் படிந்தாலோ கதவு அசையாது. அந்த வகை ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி பின்னாளில் கிடைத்தது: கைப்பேசிக் கேமராவின் முன் பிடித்து அழுத்தினால், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மினுங்கும்.

1990களில் அகச்சிவப்பின் இடத்தை ரேடியோ அலை பிடித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 433 மெகாஹெர்ட்ஸ் வழக்கத்துக்கு வந்தன. இனி குறிபார்க்க வேண்டியதில்லை, சட்டைப்பையிலிருந்தே அழுத்தலாம். ஆனால் எல்லாத் திசையிலும் பரவும் அலையை எவரும் கேட்கலாம். முதல் தலைமுறை ரேடியோ ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணை அனுப்பியதால், அதை ஒருமுறை பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பியவனுக்கும் கார் திறந்தது.

மாறும் எண்

இதற்குத் தீர்வாக வந்த முறைகளில் பெரிதும் பரவியது கீலாக். தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் 1980களில் உருவான இதை, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் விலைக்கு வாங்கியது. இந்த முறையில் பொத்தானை அழுத்தும்தோறும் 66 பிட் நீளமான செய்தி ஒன்று கிளம்புகிறது. 34 பிட்டுகளில் சாவியின் அடையாள எண், எந்தப் பொத்தான் என்ற விவரம் போன்றவை வெளிப்படையாக இருக்கும். மீதி 32 பிட்டுகள் மறையாக்கப்பட்டவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒன்று கூடும் எண்ணி அவற்றுக்குள் இருக்கும். கடைசியாக ஏற்ற எண்ணைக் கார் நினைவில் வைத்திருக்கும். அதற்கு முந்தைய எண் வந்தால் மறுத்துவிடும். திருடன் பதிவுசெய்தது பழைய எண் என்பதால் பயன்படாது.

இந்தப் பாதுகாப்பே புதிய கோளாறு ஒன்றையும் உண்டாக்கியது. வீட்டில் குழந்தை சாவியை வைத்து விளையாடினால், சாவியின் எண்ணி ஏறிக்கொண்டே போகும், காருக்கு அது தெரியாது. அதனால் கார் தன் எண்ணுக்கு அடுத்த 16 வரை உடனே ஏற்கும்படி வைத்தார்கள். அதையும் தாண்டிவிட்டால், தொடர்ந்து இரண்டு முறை அழுத்த வேண்டும். இரண்டு எண்களும் அடுத்தடுத்தவையாக இருந்தால் கார் அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். ‘முதல் அழுத்தத்துக்குத் திறக்கவில்லை, இரண்டாவதுக்குத் திறந்தது’ என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம். எண்ணிகள் அதைவிட அதிகமாக விலகினால் சாவியை மீண்டும் பதிவுசெய்தே ஆக வேண்டும்.

ரேடியோவுக்கே உரிய இன்னொரு கோளாறு குறுக்கீடு. 2019இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதும் கார் ரிமோட்டுகளும் கராஜ் கதவுகளும் வாரக்கணக்கில் மக்கர் செய்தன. செல் மாற்றியும் பயனில்லை. கடைசியில் 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலை பரப்பிய கருவி ஒன்று அங்கிருந்த ஒரு வீட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. நிலவறையில் வேலை செய்யும்போது மேல்மாடியில் ஆள் வந்தால் தெரிய வேண்டும் என்று குடியிருப்பவர் ஒருவர் கையால் செய்தது அது. மின்சாரம் துண்டித்தாலும் பேட்டரியில் ஓடியதால் எளிதில் சிக்கவில்லை. சாவிகளில் ஒரு குறையும் இல்லை.

எஞ்சினுக்கு ஒரு காவல்

கதவு திறப்பதும் எஞ்சின் கிளம்புவதும் தனித்தனி வரலாறு உடையவை. 1980களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்வெட் காரின் சாவித் தண்டில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. 15 மதிப்புகளில் சரியான ஒன்று இருந்தால்தான் எஞ்சின் கிளம்பும். தவறான சாவியைப் போட்டால் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தடையை அளக்கும் மெல்லிய கம்பிகள் சாவி திரும்பும்போதெல்லாம் மடங்கி, நாளடைவில் அறுந்தன. சொந்தச் சாவியோடு நின்ற உரிமையாளரையே வண்டி திருடனாக எண்ணியது. அதே மதிப்புள்ள மின்தடையை ஒயரில் நேரடியாகச் சேர்த்துவிடுவது மெக்கானிக்குகளின் வைத்தியமாயிற்று. கார் கிளம்பியது; காவல் போயிற்று.

1990களில் கம்பித் தொடர்பு இல்லாத இம்மொபிலைசர் வந்தது. சாவியின் தலைக்குள் இருக்கும் சிறு சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான காந்தப்புலத்தால் அதற்கு மின்சாரம் ஊட்டி, அதன் அடையாளத்தைக் கேட்கும். சரியான பதில் வராவிட்டால் எரிபொருளும் தீப்பொறியும் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. நெதர்லாந்தின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், 1995 முதல் 2008 வரை கார் திருட்டைச் சராசரியாக 40 சதவீதம் இது குறைத்ததாகக் கணித்தார்கள். அமெரிக்காவில் இது கட்டாயமில்லை. அங்கே 2015ஆம் ஆண்டு மாடல்களில், ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில் மட்டுமே இம்மொபிலைசர் இயல்பாக இருந்தது. மற்ற நிறுவனங்களிடம் 96 சதவீதம். சில ஆண்டுகளில் அந்த இரு நிறுவனங்களின் கார்களைத் திருடும் முறை சமூக ஊடகக் காணொளிகள் வழியே பரவியது.

சாவித் தொழிலையும் இம்மொபிலைசர் மாற்றியது. பல்லை மட்டும் நகலெடுத்த சாவி கதவைத் திறக்கும், எஞ்சினை ஓடவிடாது. தெருவோரத்தில் சாவி போடுபவரின் அரத்தோடு ஸ்கேனரும் சிப்பு நகலெடுக்கும் கருவியும் சேர்ந்தன.

பையில் கிடக்கும் சாவி

1993ஆம் ஆண்டின் கார்வெட்டில், ரிமோட் பையில் இருந்தாலே அருகில் வந்ததும் கதவு திறந்தது. எஞ்சினுக்கு மட்டும் சாவி தேவைப்பட்டது. 1998இல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் தலைமுறை அந்தச் சாவியையும் துவாரத்திலிருந்து விடுவித்தது. இன்றைய ஸ்மார்ட் கீ அதே வழியில் இயங்குகிறது. கைப்பிடியைத் தொட்டதும் காரின் ஆன்டெனாக்கள் தாழ்ந்த அலைவரிசையில் சாவியை எழுப்பும். அந்த அழைப்பு ஒன்றரை மீட்டர் அளவுக்கே எட்டும். எழுந்த சாவி 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் மறையாக்கப்பட்ட பதிலை அனுப்பும்.

அழைப்பு குறுகிய தூரமே எட்டும் என்பதுதான் இந்த முறையின் நம்பிக்கை. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதைக் குலைத்தது. காரின் அழைப்பை ஒரு கருவியால் வாங்கி, வீட்டுக்குள் இருக்கும் சாவிவரை கொண்டுசேர்த்தால் சாவி பதில் சொல்லிவிடும். 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் அவர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். அதன்பின் அசையாமல் கிடந்தால் உறங்கும் சாவிகள் வந்தன. அலை வந்துபோகும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் அகல அலைக்கற்றை முறை, கைப்பேசியையே சாவியாக்கும் டிஜிட்டல் கீ தரத்தின் 2021 பதிப்பில் இடம்பெற்றது. எதிர்த்திசையிலும் ஒரு அடி வைக்க நேர்ந்தது: சிப்புத் தட்டுப்பாட்டால் 2022 அக்டோபரில் ஜப்பானில் டொயோட்டா, புதிய காருடன் தரும் இரண்டு ஸ்மார்ட் கீகளில் ஒன்றுக்குப் பதில் தற்காலிகமாகச் சாதாரணச் சாவியைத் தந்தது.

கோளாறைக் கண்டறியும் வரிசை

ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதை நீக்காமல் அதன்மேல் அடுக்கப்பட்டது. பெரும்பாலான ஸ்மார்ட் கீகளுக்குள் பல்லுள்ள உலோகச் சாவியும், பேட்டரி வேண்டாத சிப்பும், பொத்தான் ரிமோட்டும், தானே பதில் சொல்லும் வாங்கியும் ஒன்றாக இருக்கின்றன. எந்த அடுக்கு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்ப்பதே கோளாறு கண்டறியும் முறை.

முதலில் இரண்டாவது சாவியைப் பார்க்க வேண்டும். அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில்; இரண்டும் செய்யாவிட்டால் காரில் அல்லது சுற்றுப்புறத்தில். உள்ளிருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்தபின் உள்விளக்கும் எரியவில்லை என்றால் காரின் பேட்டரி டவுன். விளக்கு எரிந்தால் ஃபியூஸையும் ரேடியோ வாங்கியையும் சோதிக்கலாம். வேறு இடத்தில் கார் ஒழுங்காகத் திறந்தால் குற்றவாளி குறுக்கீடு. கைப்பிடியைத் தொட்டால் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை என்றால், அந்தக் கதவின் உணரியையோ ஆன்டெனாவையோ சந்தேகிக்க வேண்டும்.

எட்டும் தூரம் குறைந்து, காருக்கு மிக அருகில் வந்தால்தான் திறக்கிறது என்றால் செல் தீர்கிறது. பல சாவிகளில் இருப்பது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பட்டன் செல். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். இந்த வகைச் செல்லின் வோல்ட் அளவு கடைசிவரை அவ்வளவாக இறங்காது. மல்ட்டிமீட்டரில் சும்மா அளந்தால் நல்லதாகத் தெரியும் செல், பொத்தானை அழுத்தும் கணத்தில் தொய்ந்துவிடலாம். அதனால் அளப்பதைவிடப் புதியதைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமானது. ஸ்மார்ட் கீயைக் காருக்கு அருகிலேயே மாட்டிவைத்தால் அது அடிக்கடி எழுந்து செல் சீக்கிரம் தீரும். டொயோட்டாவின் பல சாவிகளில் பூட்டும் பொத்தானை அழுத்தியபடியே திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், சாவி பேட்டரியைச் சேமிக்கும் நிலைக்குப் போகும்.

செல் மாற்றியும் உயிர் வராவிட்டால் உள்ளே பார்க்க வேண்டும். செல்லைத் தாங்கும் தகடு வளைந்திருக்கலாம். நனைந்த சாவியில் பச்சை படிந்திருக்கலாம். கீழே விழுந்த சாவியில் சோல்டர் விரிந்திருக்கலாம். பச்சையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், விரிசலை மீண்டும் சோல்டர் செய்யலாம். ஒரு பொத்தான் மட்டும் செத்திருந்தால் அதன் அடியிலுள்ள சுவிட்ச் தேய்ந்துவிட்டது.

பொத்தானால் கதவு திறந்தும் எஞ்சின் கிளம்பாமல் இம்மொபிலைசர் விளக்கு மின்னினால், சிப்பு படிக்கப்படவில்லை. செல் தீர்ந்து பொத்தானும் இயங்காத ஸ்மார்ட் கீயானால் அதை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் இதற்கெனத் தனி இடம் உண்டு. பேட்டரி வேண்டாத சிப்பு அங்கே படிக்கப்படும். பழைய சாவிக்குப் புதிய கூடு மாற்றியபின் சிப்பு படிக்கப்படாத கோளாறு வந்தால், சிறு கருப்புச் சிப்பு பழைய கூட்டிலேயே ஒட்டிக்கொண்டு தூக்கியெறியப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சில சாவிகளில் சிப்பு சர்க்யூட் பலகையில் இல்லாமல் கூட்டிலேயே பதிந்திருக்கும்.

இவை எதுவும் பலிக்காதபோது மிஞ்சுவது மறுபதிவு. டாஷ்போர்டுக்குக் கீழுள்ள, ஓபிடி என்னும் கோளாறு கண்டறியும் இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்திப் புதிய சாவியைக் காருக்கு அறிமுகம் செய்வார்கள். வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருந்தால் இது எளிது. எல்லாச் சாவியும் தொலைந்திருந்தால், பல கார்களில் உரிமைச் சான்றைக் காட்டி நிறுவனத்திடமிருந்து குறியெண் பெற வேண்டும். சிலவற்றில் இம்மொபிலைசர் பெட்டியையே மாற்ற வேண்டும்.