செபமும் உழைப்பும்: துறவு மடங்களின் பீர் மரபு

துறவு மடத்தையும் பீரையும் சேர்த்துப் பேசினால் நம் பங்குகளில் பலருக்கு நெருடலாக இருக்கும். குடியால் சீரழிந்த குடும்பங்களை அன்றாடம் பார்க்கும் நமக்கு அது இயல்பே. ஆனால் டப்பல், டிரிப்பல், டாப்பல்பாக் என்று இன்று உலகம் அறிந்த பீர் வகைகள் ஐரோப்பியத் துறவியரின் மடங்களில் உருவானவை. அவற்றின் வரலாறு, குடியைப் பற்றியதை விட உழைப்பையும் அளவையும் பற்றியது. எனவே அதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

சபை ஒழுங்கு கற்பிப்பது

ஆசீர்வாதப்பர் என்று நாம் அழைக்கும் புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்காக 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு ஒன்றை எழுதினார். அதில் மூன்று அதிகாரங்கள் நம் பொருளுக்கு நெருக்கமானவை.

48ஆம் அதிகாரம், சோம்பல் ஆன்மாவுக்குப் பகை என்றும், தம் கைகளால் உழைத்து உண்பவரே உண்மையான துறவியர் என்றும் கற்பிக்கிறது. 40ஆம் அதிகாரம், நாளொன்றுக்கு ஒருவருக்குச் சிறிதளவு திராட்சை இரசம் போதும் என்கிறது. மதுவை முற்றிலும் விலக்கும் வரம் பெற்றவருக்குத் தனிக் கைம்மாறு உண்டு என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. 57ஆம் அதிகாரம், மடத்தில் செய்த பொருள்களை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கு விற்கவேண்டும் என்றும், தன் கைத்திறமையால் செருக்குற்றவரை அந்த வேலையிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்றும் பணிக்கிறது.

திராட்சை நன்கு விளையாத வடநாடுகளில், முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சிய பீர், துறவியரின் உணவு மேசையில் திராட்சை இரசத்தின் இடத்தைப் பிடித்தது.

ஹாப்ஸ் பூவும் தவக்காலமும்

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்பதை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், ஜெர்மனியின் பெனடிக்டன் சபைத் தலைவி புனித ஹில்டகார்ட். 2012ஆம் ஆண்டு திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் இவரைத் திருஅவையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

மியூனிக் நகரில், பவுலா நகர்ப் புனித பிரான்சிசின் சபையைச் சேர்ந்த துறவியர் 17ஆம் நூற்றாண்டில் பீர் காய்ச்சத் தொடங்கினர். நீராகாரம் நோன்பை முறிக்காது என்பது அக்கால வழக்கம். ஆகவே தவக்காலத்தில் உடலுக்குத் தெம்பு தரும்படி, பார்லி அதிகம் சேர்த்த கெட்டியான பீரை அவர்கள் பருகினர். 'திரவ ரொட்டி' என்று பெயர் பெற்ற அந்தப் பானத்திலிருந்து வந்த வகையே டாப்பல்பாக். அதன் பழைய பெயர் சால்வட்டோர், அதாவது மீட்பர். இன்றும் இவ்வகைப் பீர்கள் பலவற்றின் பெயர்கள் 'ஆட்டோர்' என்றே முடிகின்றன.

டிராப்பிஸ்ட் மடங்கள்

பிரான்சின் லா டிராப் மடத்தில் 1664ஆம் ஆண்டு மடத்தலைவர் தெ ரான்சே கொண்டுவந்த கடுமையான சீர்திருத்தத்தைப் பின்பற்றியவர்களே டிராப்பிஸ்ட் துறவியர். பிரெஞ்சுப் புரட்சியில் விரட்டப்பட்ட இவர்களில் சிலர் 1794இல் பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே என்னும் ஊரில் குடியேறினர். அங்கே 1836இல் தங்கள் உணவுக்காக பீர் காய்ச்சத் தொடங்கினர். துறவியர் தாங்களே பருகும் பீர் மென்மையானது. அதில் ஆல்கஹால் 5 சதவீதத்திற்கும் குறைவு. 1856இல் அவர்கள் காய்ச்சிய பழுப்பு நிறப் பீரே டப்பல் வகையின் முன்னோடி; இன்று அதில் ஆல்கஹால் 7 சதவீதம். 1934இல் பொன்னிறமான, 9.5 சதவீத வலிமை கொண்ட டிரிப்பல் வந்தது.

ஓர்வால் மடத்தின் கதை வேறு. டஸ்கனி நாட்டு மட்டில்டா சீமாட்டியின் மோதிரம் நீரூற்றில் விழுந்தது என்றும், அவர் வேண்டிக்கொள்ள ஒரு மீன் அதை வாயில் கவ்விக்கொண்டு வந்தது என்றும் மரபுக்கதை உண்டு. மோதிரம் கவ்விய அந்த மீனை இன்றும் ஓர்வால் புட்டியில் காணலாம். புரட்சிக் காலத்தில் அழிந்த இம்மடத்தை 1926 முதல் மீண்டும் கட்டினர். அந்தச் செலவுக்காகவே 1931இல் அங்கே பீர் ஆலை எழுந்தது.

'போதும்' என்னும் சொல்

1997ஆம் ஆண்டு உருவான பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கம், தன் முத்திரைக்கு மூன்று நிபந்தனைகளை வைத்துள்ளது. மடத்தின் மதிலுக்குள்ளோ அருகிலோ, துறவியர் கையாலோ அவர்கள் மேற்பார்வையிலோ பீர் காய்ச்சவேண்டும். அந்த வேலை துறவு வாழ்வுக்கு அடுத்த இடத்திலேயே இருக்கவேண்டும். வருமானம் மடத்தின் தேவைக்குப் போக, எஞ்சியது அறப்பணிக்குச் செல்லவேண்டும்.

இதற்குச் சோதனை 2005இல் வந்தது. வெஸ்ட்வ்லேட்டரன் ஊர்ப் புனித சிக்ஸ்துஸ் மடத்தின் பீரை உலகின் மிகச் சிறந்தது என்று ஓர் இணையதளம் அறிவித்ததும், மடத்து வாசலில் வாகனங்கள் வரிசை கட்டின. வேறெந்த நிறுவனமும் ஆலையைப் பெரிதாக்கியிருக்கும். துறவியரோ உற்பத்தியைக் கூட்டவில்லை. ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தனர். வாங்கியதை மறுவிற்பனை செய்யக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டனர். மடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும், 2011, 2012 ஆண்டுகளில் ஒருமுறை கடைகளிலும் வெளிநாடுகளிலும் விற்றனர். பின்னர் பழைய வழக்கத்துக்கே திரும்பினர்.

முத்திரை இழந்த மடம்

இறையழைத்தல் குறைந்துவரும் நிலை இந்த மரபையும் தொட்டுவிட்டது. பெல்ஜியத்தின் ஆக்கெல் மடத்தில் எஞ்சியிருந்த துறவியர் வெளியேறியதால், 2021இல் அதன் பீர் டிராப்பிஸ்ட் முத்திரையை இழந்தது. 2023இல் மடமே தனியார் கைக்குச் சென்றது. அமெரிக்காவின் ஸ்பென்சர் மடத்துத் துறவியர் 2022இல் தங்கள் பீர் ஆலையை மூடினர்.

ஆக்கெலில் முத்திரை போனது பீரின் சுவை குன்றியதால் அன்று. அதே பார்லி, அதே ஹாப்ஸ், அதே கொப்பரைதான். விடியற்காலையில் எழுந்து திருப்பாடல் இசைக்க அங்கே எவரும் இல்லை, அதுதான் காரணம்.

அன்பார்ந்தவர்களே, மதுவை விலக்கி வாழ்பவர் அந்த உறுதியில் நிலைத்திருக்கட்டும். அதுவும் புனித பெனடிக்ட் போற்றிய வழியே. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது புட்டியை அன்று, அந்த அளவை. நம் கடைக்கும் வயலுக்கும் அலுவலகத்துக்கும் ஓர் எல்லை உண்டா? ஞாயிறு திருப்பலிக்கும் குடும்ப செபத்துக்கும் நேரமில்லை என்று சொல்லும் நாள் வந்தால், நம் உழைப்பு எதற்காகத் தொடங்கியது என்பதை மறந்துவிட்டோம் என்றே பொருள். தேவைக்கு ஈட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு ஆலயத்துக்குத் திரும்பும் அந்தத் துறவியர் அதை நமக்கு நினைவூட்டுகிறார்கள்.