இபிலிமுமாப்

உடலெங்கும் பரவிவிட்ட மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்குத் தரப்படும் எதிர்ப்பொருள் மருந்து. வணிகப் பெயர் யெர்வாய். இது புற்றுச் செல்களைத் தொடுவதில்லை. நோய்த்தடுப்புப் பணியில் உள்ள டி செல்லின் மேல், அதன் வேகத்துக்குப் பிரேக் போல அமைந்த சிடிஎல்ஏ-4 புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. தடை நீங்கிய டி செல் புற்றைத் தாக்குகிறது.

தடுப்பாற்றலைக் கிளறிவிட்டுப் புற்றை ஒழிக்கும் எண்ணம் பழையது. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891இலேயே நோயாளிக்குப் பாக்டீரியாவை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்.

சிடிஎல்ஏ-4 புரதத்தை 1987இல் பிரான்சில் பியர் கோல்ஸ்டீன் குழுவினர் கண்டறிந்தனர். அது டி செல்லை முடுக்குகிறதா, அடக்குகிறதா என்பதில் ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் இருகட்சியாக நின்றனர். அடக்குகிறது என்று ஜெஃப்ரி புளூஸ்டோன், ஜேம்ஸ் அலிசன் ஆகியோரின் ஆய்வகங்கள் தனித்தனியே காட்டின. அந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகள், கட்டுமீறிப் பெருகிய டி செல்களால் சில வாரங்களிலேயே மடிந்தது 1995இல் தெரியவந்தது.

அடுத்த அடியை எடுத்தவர் அலிசன். 1994 இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், அவரது ஆய்வகத்தைச் சேர்ந்த டானா லீச் புற்றுக்கட்டி வளர்ந்த எலிகளுக்குச் சிடிஎல்ஏ-4 எதிர்ப்பொருளைச் செலுத்தினார். கட்டிகள் கரைந்தன. நம்ப முடியாத அலிசன் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். லீச் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பிவிட்டதால், எந்தக் கூண்டுக்கு மருந்து போனது என்று அறியாமலே கட்டிகளை அளக்கும் வேலை அலிசனிடம் வந்தது. முதலில் எல்லாக் கூண்டுகளிலும் கட்டிகள் வளர்ந்தன, அவர் சோர்ந்துபோனார். பிறகு சில கூண்டுகளில் மட்டும் வளர்ச்சி நின்று, கட்டிகள் சுருங்கின. முடிவுகள் 1996இல் வெளிவந்தன.

மனிதருக்கான எதிர்ப்பொருளான இபிலிமுமாபை மெடாரெக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. சிடிஎல்ஏ-4 புரதத்தையே குறிவைத்த ஃபைசரின் டிரெமெலிமுமாப் 2008இல் மெலனோமாச் சோதனையில் தோற்றது. இபிலிமுமாப் பெற்ற சிலருக்கும் கட்டி முதலில் வீங்கி, பிறகே சுருங்கியதால் மருத்துவர்கள் குழம்பினர். 676 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வந்தது: இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 10.1 மாதம்; ஒப்பீட்டுக்காகத் தடுப்பூசி மட்டும் பெற்றவர்களுக்கு 6.4 மாதம். 2011 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி அளித்தது. பிரேக் இல்லாத டி செல்கள் குடல், தோல், கல்லீரல், பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றையும் தாக்கக்கூடும். அப்போது ஸ்டீராய்டு தரப்படுகிறது.

மருந்து பிரேக்கை மட்டும் நீக்குகிறதா, தடுப்பாற்றலை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் அழிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

கியோத்தோவில் தசுகு ஹோன்ஜோ குழுவினர் 1992இல் கண்ட பிடி-1 என்ற இன்னொரு பிரேக்கைத் தடுக்கும் மருந்துகள் 2014இல் வந்தன. அலிசனும் ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். பத்தாண்டு கடந்து உயிருடன் இருந்தோர் இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம். பிடி-1 மருந்தான நிவோலுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம்.