நிழற்படமும் கத்தரியும்

நம் நாட்டு ரூபாய் நோட்டில் புன்னகை புரியும் காந்தியடிகளின் உருவத்தை அறியாதார் இலர். அவ்வுருவம் ஓவியர் ஒருவர் தம் கற்பனையினின்று தீட்டியது அன்று. 1946-ஆம் ஆண்டில் டில்லி வைசிராய் மாளிகையில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தினின்று பிரித்தெடுக்கப்பட்டது அது. அப்படத்தில் காந்தியடிகளுக்கு அருகே, பிரிட்டிஷ் மந்திரிசபைத் தூதுக் குழுவுடன் இந்தியாவுக்கு வந்திருந்த பெதிக் லாரன்ஸ் பிரபு நிற்கிறார். 1996-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி காந்தியடிகள் வரிசை நோட்டுகளை வெளியிட்டபோது பிரபுவும் மறைந்தார், மாளிகையும் மறைந்தது, புன்னகை மட்டும் எஞ்சிற்று. விடுதலைக்கு முந்திய ஆண்டின் ஓர் அரசியல் சந்திப்பு, ஒரு தேசத்தின் பொது முகமாக மாறியது.

இம்மாற்றத்தைச் செய்தது படம் எடுத்தவரின் காமிரா அன்று. பின்னர் வந்த கத்தரியே. நிழற்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் காமிராவைப் பற்றியே பெரிதும் பேசுவர். படம் எடுத்த பின்னர் அதன் ஓரங்களை வெட்டியும், அழுத்தியும் தெளித்தும் திருத்தியும் முடிக்கும் கலைக்கு அதற்கு நிகரான நீண்ட வரலாறு உண்டு. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அக்கலையின் மாணவரே. எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண, அம்மாணவருக்கு அவ்வரலாற்றைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

1839-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டகேர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அம்முறையில் உலோகத் தகட்டின்மீது ஒரே ஒரு படம் கிடைத்தது. இங்கிலாந்தில் டால்பட் என்பார் 1841-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற முறையோ இரண்டு படிகளை உடையது. முதலில் ஒளியும் நிழலும் மாறித் தோன்றும் நெகட்டிவ். பின்னர் அதனின்று எத்தனை வேண்டுமாயினும் எடுக்கத்தக்க பிரதிகள். இவ்விரு படிகளுக்கும் இடையே மனிதனின் கை நுழைய ஓர் இடைவெளி உண்டாயிற்று. திருத்தற்கலை பிறந்தது அவ்விடைவெளியிலேதான்.

அக்கலை பிறப்பதற்கு ஒரு நேர்மையான காரணமும் இருந்தது. அக்காலத்து ரசாயனப் பூச்சுகள் நீலநிற ஒளியை மிகுதியாகவும், பச்சை, சிவப்பு நிறங்களைக் குறைவாகவும் ஏற்றன. ஆகவே, நிலம் தெளிவாக விழும் வரை காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மேகத்தைப் பிடிக்க முயன்றாலோ நிலம் இருண்டுவிடும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1856, 1857-ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்படங்கள் சிலவற்றில், கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை மற்றொரு நெகட்டிவிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்தார். 1857-ஆம் ஆண்டில் ரைலாந்தர் என்பார் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து, நன்னெறியும் தீநெறியும் ஆகிய இருவகை வாழ்க்கையைக் காட்டும் ஒரு பெரும் படத்தை உருவாக்கினார்.

அதே காலத்தில் நம் தமிழகத்திலும் இத்தகைய பணி நிகழ்ந்தது. லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமிக்கப்பெற்று மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். அவருடைய நெகட்டிவ்களிலும் வானம் வெறுமையாகவே விழுந்தது. அவர் தூரிகை கொண்டு அவற்றின்மீது மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைக் கொத்துகளைத் திருத்தினார். அந்த டிரைப் அவர்களே 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொரு பணியைச் செய்தார். விமானத்தின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரதிகளை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். வானம் அலங்காரம், அங்கே கை வைத்தார். கல்வெட்டு சான்று; அங்கே ஒன்றோடொன்றைச் சேர்த்து முழுமையைக் காட்டினார். எதைத் திருத்தலாம், எதைத் திருத்தலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

முகத்தைத் திருத்தும் வழக்கமும் விரைவில் பரவியது. 1855-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் மூனிச் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பவர், ஒரே உருவப்படத்தைத் திருத்தியும் திருத்தாமலும் காட்டி மக்களை வியப்பில் ஆழ்த்தினார். அதன் பின்னர் ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' ஒரு தனித் தொழிலாயிற்று. சாய்ந்த மேசையில் பதித்த தேய்த்த கண்ணாடிக்குக் கீழிருந்து ஒளி வர, அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் சிறு சிறு கோடுகளையும் புள்ளிகளையும் இடுவர். நெகட்டிவில் கருமை கூடினால் பிரதியில் வெண்மை கூடும்; ஆகவே முகத்துச் சுருக்கமும் அம்மைத் தழும்பும் மறையும். பிரதியில் ஓரிடம் கருக்க வேண்டுமாயின் நெகட்டிவை மெல்லிய கத்தியால் சுரண்டுவர். பென்சில் சிறிது மிகுந்தாலும் உயிருள்ள முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். அளவறிந்து நிறுத்துவதே தேர்ந்த கையின் அடையாளம்.

ஓரம் வெட்டும் கலை சற்றுப் பிந்தியே வளர்ந்தது. பெரிய கண்ணாடித் தகடுகளின் காலத்தில், தகட்டின்மேல் தாளை வைத்து அதே அளவில் பிரதி எடுத்தனர். முழுத் தகடு ஆறரை அங்குல அகலமும் எட்டரை அங்குல நீளமும் உடையது. அதில் வெட்டி எறிவதற்கு மனம் வராது. 1925-ஆம் ஆண்டில் லைகா காமிரா சந்தைக்கு வந்தது; அதன் நெகட்டிவ் 24 மில்லிமீட்டர் அகலமும் 36 மில்லிமீட்டர் நீளமுமே உடையது. அதனைப் பெரிதாக்கியே பார்க்க வேண்டும். பெரிதாக்கும் கருவியின் கீழே தாளை நகர்த்தும்போதே, எதை உள்ளே கொள்வது, எதை வெளியே தள்ளுவது என்னும் தேர்வு எழுந்தது. 1929-ஆம் ஆண்டில் வந்த ரோலைஃபிளெக்ஸ் சதுரமான படத்தைத் தந்தது. அச்சுத் தாளோ பெரும்பாலும் நீள்சதுரம். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரெனப் புகழ்பெற்ற ஹோமாய் வியாரவாலா அம்மையார் கையாண்ட காமிராக்களில் அதுவும் ஒன்று. சதுரத்தை நீள்சதுரமாக்க, மேலோ கீழோ பக்கவாட்டிலோ எதையேனும் இழந்தே ஆக வேண்டும்.

அந்நாளில் கற்றுக்கொள்வோருக்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. அட்டையை முழங்கை வளைவு போன்ற வடிவில் இரண்டு துண்டுகளாக வெட்டிக்கொள்வர். இரண்டையும் எதிரெதிரே படத்தின்மேல் வைத்தால் ஒரு சட்டம் அமையும். அதனை விரித்தும் சுருக்கியும் நகர்த்தியும் பார்த்து, மனத்துக்கு நிறைவு தரும் இடத்தில் பென்சிலால் குறியிடுவர். எத்தனை முறை நகர்த்தினாலும் படத்துக்குக் கேடில்லை. வெட்டுவதற்கு முன் பார்த்தல் என்னும் நற்பழக்கத்தை அவ்விரு அட்டைகளும் கற்பித்தன. இன்று கைத்தொலைபேசித் திரையில் விரலால் இழுக்கும் நான்கு மூலைகளும் அவ்வட்டைகளின் வழித்தோன்றல்களே.

ஒரு வெட்டு எத்தனை வலிமை உடையது என்பதற்குக் கியூபாவில் நிகழ்ந்ததைச் சான்றாகக் கூறலாம். 1960-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள், ஹவானா நகரில் நிகழ்ந்த ஓர் இரங்கற் கூட்டத்தில் ஆல்பர்ட்டோ கோர்டா என்பவர் சே குவேராவைப் படமெடுத்தார். முழுப் படத்தில் ஒருபுறம் மற்றொருவரின் பக்க முகமும், மறுபுறம் மர இலைகளும் இருந்தன. கோர்டா இரண்டையும் நீக்கி, நடுவிலிருந்த முகத்தை மட்டும் கொண்டார். பின்னர் உலகெங்கும் சுவரிலும் சட்டையிலும் பரவியது அம்முகமே. இதற்கு மாறாக, எடுக்கும் கணத்திலேயே படம் முழுமை பெற வேண்டும், பின்னர் வெட்டலாகாது என்று வற்புறுத்தியவர் பிரெஞ்சு மேதை கார்த்தியே பிரெசோன். ஆயினும், நீர் தேங்கிய இடத்தை ஒருவர் தாண்டும் அவருடைய 1932-ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்ட ஒன்றே. கொள்கை எத்துணை உறுதியாயினும், தேவை தன் வழியைத் தேடிக்கொள்கிறது.

கத்தரியின் இருண்ட முகத்தையும் நாம் காண வேண்டும். 1937-ஆம் ஆண்டில் மாஸ்கோ–வோல்கா கால்வாயின் கரையில் ஸ்டாலினுடன் நடக்கும் படத்தில், ரகசியப் போலீஸ் தலைவர் எஷோவ் அவருக்கு அருகில் இருந்தார். எஷோவ் பதவி இழந்து 1940-ஆம் ஆண்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் அதே படம் வெளியானபோது அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீர் மட்டுமே இருந்தது. ரூபாய் நோட்டில் பெதிக் லாரன்ஸ் மறைந்ததும், இப்படத்தில் எஷோவ் மறைந்ததும் ஒன்றாகுமா? ஆகா. முன்னது ஒரு முகத்தைத் தேர்ந்துகொண்டது. அச்சந்திப்பே நிகழவில்லை என்று கூறவில்லை. பின்னது அம்மனிதர் அங்கே இருந்ததில்லை என்று சாதித்தது. தேர்வுக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கணிப்பொறி வந்த பின்னர் இவ்வேறுபாட்டைக் காப்பது மேலும் கடினமாயிற்று. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் கிர்ஷ், தம் குழந்தையின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாகப் பகுத்துக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில், அகலவாட்டில் எடுத்த எகிப்தியப் பிரமிடுகளின் படத்தை உயரவாட்டான அட்டைக்குப் பொருத்தும் பொருட்டுப் பிரமிடுகளையே நெருக்கி வைத்தனர், கண்டனமும் எழுந்தது. 1990-ஆம் ஆண்டில் நால் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. ஸ்டூடியோவின் இருட்டறை வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

புதிதாகப் பயில்வோர் சில கணக்குகளை மனத்திற் கொள்ளுதல் நலம். 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 120 லட்சம் புள்ளிகள் உண்டு. அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் வெட்டினால், எஞ்சுவது பாதி அன்று. கால் பங்காகிய 30 லட்சமே. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், 13 அங்குலத்துக்கு மேல் அகலம் வரவேண்டிய படம் ஏழு அங்குலத்துக்கும் குறைவாகும். சாய்ந்த அடிவானத்தை நேராக்கினாலும் நான்கு மூலைகளும் குறையும்; ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் சிறிது இடம் விடுவது அறிவுடைமை. மனித உருவத்தை மணிக்கட்டிலோ முழங்காலிலோ வெட்டினால் ஊனம்போலத் தோன்றும். மூட்டுக்குச் சற்று மேலே வெட்டுவர். யாவற்றுக்கும் மேலாக, மூலப்படத்தைத் தொடாமல் வைத்து, பிரதியிலேயே வேலை செய்ய வேண்டும்.

இக்கடைசி விதி, மாடுங்காவிலும் கரோல்பாக்கிலும் கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் நம்மவர்க்குத் தனிப்பட்ட முறையில் பொருந்தும். ஊரை விட்டு வந்த குடும்பங்களின் பெட்டிகளில் பாட்டனார் காலத்து ஸ்டூடியோப் படங்கள் இருக்கும். அவற்றைப் புதிய முறையில் பதிவு செய்து, பாட்டனாரின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாட்டுவது இன்று வழக்கமாகி வருகிறது. மாட்டுவதில் பிழையில்லை. ஆனால் வெட்டுண்ட ஓரத்தைச் சற்று நோக்குக. அட்டையின் அடியில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். பின்புலத்தில் தீட்டிய திரைச்சீலை அக்காலத்து ரசனையைக் காட்டும். வரிசையின் கடைசியில், யாரென எவரும் கேளாத ஓர் அத்தையோ, வேலைக்காரச் சிறுவனோ நிற்கக்கூடும். அவர்கள் இருந்ததற்கு அந்த ஓரத்தைத் தவிர வேறு சான்று இல்லாமற் போகலாம். பிற மாநிலத்தில் பிறந்து வளரும் பேரக்குழந்தை தன் வேர் எந்த ஊரில் என்று தேடும் நாளில், அந்த ஓரமே விடை கூறும்.

ஆகவே வெட்டுங்கள், திருத்துங்கள், அழகு செய்யுங்கள். அதற்கு முன் முழுப் படத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்து, இருப்போரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும், தெரிந்த முதியவர்கள் உள்ளபோதே, கேட்டு எழுதி வையுங்கள்.