குறுக்கெழுத்தும் ‘பொது’ அறிவும்

பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு காட்சியைப் பலரும் கண்டிருப்பர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கம் மேசைமீது விரிந்து கிடக்கும். ஒருவர் ஐரோப்பிய நதியொன்றின் பெயரைக் கேட்பார். மற்றொருவர் தயக்கமின்றி விடை கூறுவார். மூன்றாமவர் கிரேக்கத் தெய்வமொன்றின் பெயரைச் சொல்லி மேலும் சில கட்டங்களை நிரப்புவார். விடை தெரியாதவர் சற்று வெட்கத்துடன் ஒதுங்கி நிற்பார். அவ்வேளையில் தேநீர் கொண்டுவரும் சிற்றூழியரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. அவருக்கும் எத்தனையோ விடயங்கள் தெரியும். ஆயின் அவருக்குத் தெரிந்தவை அக்கட்டங்களுள் இடம்பெறுவதில்லை.

இச்சிறு காட்சியினுள் ஒரு பெரிய வினா அடங்கியுள்ளது. ‘பொது அறிவு’ என நாம் நாள்தோறும் வழங்கும் தொடரிலே ‘பொது’ என்பது யாரைக் குறிக்கின்றது? பரீட்சை மண்டபத்திலும் நேர்முகத் தேர்விலும் இளைஞர் பலரின் வாழ்வை நிர்ணயிக்கும் சொல்லாக அது இருப்பதால், இவ்வினாவை வெறும் சொல்லாராய்ச்சி என ஒதுக்கிவிட முடியாது. வெறும் பொழுதுபோக்கு எனக் கருதப்படும் குறுக்கெழுத்தின் வரலாறு இவ்வினாவுக்கு நாம் எதிர்பாராத தெளிவைத் தருகின்றது.

1913 டிசம்பர் 21 ஆம் திகதி ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் ஞாயிறு அனுபந்தத்தில் ஒரு புதிர் வெளியாயிற்று. சாய்சதுர வடிவிலமைந்த கட்டங்கள்; அவற்றின் பக்கத்தே குறிப்புகள். அதனை ஆக்கியவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆர்தர் வின் என்னும் பத்திரிகையாளர். ‘சொற்குறுக்கு’ என்று பொருள்படும்படி அவர் அதற்குப் பெயரிட்டார். சில வாரங்களின் பின் அச்சகத்தில் நேர்ந்த பிழையினால் அப்பெயரின் இரு சொற்களும் இடம் மாறின. மாறிய பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. சிந்தனையாளர் எவரும் சூட்டாத பெயரை அச்சுக்கோக்கும் தொழிலாளியின் கை சூட்டியது எனலாம்.

அது பெரும் பத்திரிகைகள் ஒன்றோடொன்று கடும் போட்டியில் ஈடுபட்டிருந்த காலம். விற்பனை பெருகினால் விளம்பரம் பெருகும். விளம்பரம் பெருகினால் இலாபம் பெருகும். புலிட்சர் வளர்த்தெடுத்த ‘வேர்ல்ட்’ இக்கலையில் முன்னணியில் நின்றது. செய்தி ஒரு பண்டமாகிவிட்ட சூழலில் ஓய்வும் பண்டமாக வேண்டியிருந்தது. குறுக்கெழுத்து அவ்வாறு பிறந்த பண்டங்களுள் ஒன்று.

அம்முதற் புதிரிலேயே நம் கவனத்துக்குரிய குறிப்பொன்று உண்டு. கொமுட்டிப் பனையின் நாருக்குப் பெயர் யாது என அது வினவிற்று. ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக்கொண்ட ‘டோ’ என்பது விடை. கொமுட்டி தென்கிழக்காசியத் தீவுகளில் வளரும் மரம். நம் நாட்டுக் கித்துளைப் போன்று கள்ளும் வெல்லமும் தருவது. அதன் கரிய நாரை மலாய் மக்கள் ‘இஜுக்’ என்பர். அதனாற் கயிறு திரிப்பர், கூரையும் வேய்வர். 1913 இல் அத்தீவுகளிற் பெரும்பகுதி ஒல்லாந்தர் ஆட்சியிலும் எஞ்சியவற்றுட் பல ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்தன. அம்மரத்தைக் கண்ணாலும் கண்டிராத நியூயோர்க் வாசகர், அகராதியைப் புரட்டி மூன்று கட்டங்களை நிரப்பி, தமது பொது அறிவை எண்ணி மகிழ்ந்திருப்பார். தலைமுறை தலைமுறையாக அந்நாரைத் திரித்தவனோ, அது எத்தனை பாரம் தாங்கும், உப்புநீரில் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதையெல்லாம் கையறிவாக அறிந்திருந்தும், இப்பரீட்சையிலே தோல்வியே அடைந்திருப்பான்.

இந்த ஒரு குறிப்பினுள் காலனித்துவ அறிவின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது. வணிகரும் ஆட்சியாளரும் உலகின் நாலாதிசையிலுமிருந்து மரத்தையும் நாரையும் கவர்ந்தது போலவே அவற்றின் பெயர்களையும் சேகரித்தனர். உழைத்தவனின் அனுபவத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அப்பெயர்கள் அகராதிகளிலும் கலைக்களஞ்சியங்களிலும் குவிந்தன. அக்களஞ்சியத்தின் சில்லறைக் கடையாகக் குறுக்கெழுத்து அமைந்தது.

1924 இல் சைமன், ஷஸ்டர் என்னும் இரு இளைஞர் நியூயோர்க்கில் ஒரு பதிப்பகம் தொடங்கினர். அவர்கள் வெளியிட்ட முதல் நூல் குறுக்கெழுத்துத் தொகுப்பே. நூலுடன் ஒரு பென்சிலும் இணைக்கப்பட்டிருந்தது. தோல்வி நேருமோ என அஞ்சித் தம் பதிப்பகத்தின் பெயரையே அவர்கள் அந்நூலில் இடவில்லை. அது இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அவ்வாண்டிலேயே ‘நியூயோர்க் டைம்ஸ்’ இப்புதிரைப் பாவகரமான வீண்செயல் எனக் கண்டித்தது. டிசம்பரில் இலண்டன் ‘டைம்ஸ்’ ஏடு ‘அடிமையாகிவிட்ட அமெரிக்கா’ என்று தலைப்பிட்டு, வேலை நேரத்தை விழுங்கும் தீமை இதுவென எச்சரித்தது. உழைப்பாளி தன் நேரத்தைத் தன் விருப்பப்படி கழிப்பது முதலாளிக்கு எப்போதும் கவலை தருவதே.

ஆயின் ஒழுக்கம் பற்றிய இக்கவலை விற்பனைக் கணக்கின் முன்னே நெடுங்காலம் நிற்கவில்லை. ‘டெய்லி டெலிகிராப்’ 1925 இல் குறுக்கெழுத்தை ஏற்றுக்கொண்டது; தன் வாசகர் அதனிடம் சென்றுவிடாதிருக்கும் பொருட்டு ‘டைம்ஸ்’ ஏடும் 1930 பெப்ரவரி முதலாந் திகதி தானே ஒரு புதிரை வெளியிட்டது. அடிமைத்தனம் என்று தான் அழைத்ததற்கு ஆறாண்டுகளுக்குள் அது பணிந்துவிட்டது.

இங்கு ஒரு பெண்ணின் பங்கைக் குறிப்பிடாது விடலாகாது. மார்கரெட் பெதர்பிரிட்ஜ் என்பவர் கல்லூரிப் படிப்பை முடித்து, காரியதரிசியாக ‘வேர்ல்ட்’ அலுவலகத்திற் சேர்ந்தார். முக்கியமற்ற வேலை எனக் குறுக்கெழுத்து அவர் தலையிற் கட்டப்பட்டது. அப்புதிர்களிலே பிழைகள் மலிந்திருந்ததைக் கண்ட அவர் அவற்றைத் திருத்தி, ஒழுங்குபடுத்தினார். கறுப்புக் கட்டங்கள் சமச்சீராக அமைதல் வேண்டும், ஒவ்வோர் எழுத்தும் இரு சொற்களுக்கு உரியதாதல் வேண்டும் என்பன போன்ற விதிகள் வேரூன்றுவதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1942 இல் ‘நியூயோர்க் டைம்ஸ்’ தன் பழைய கண்டனத்தை மறந்து குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது, மார்கரெட் ஃபாரர் என்னும் மணப்பெயருடன் அதன் முதல் ஆசிரியராக விளங்கியவரும் அவரே.

இங்கிலாந்திலே குறுக்கெழுத்து வேறொரு போக்கை மேற்கொண்டது. வினாவுக்கு நேர்விடை தேடும் அமெரிக்க முறைக்கு மாறாக, சிலேடையும் எழுத்துமாற்றும் நிறைந்த மறைபொருட் குறிப்புகள் அங்கே வளர்ந்தன. ‘ஒப்சேர்வர்’ பத்திரிகையில் 1926 முதல் இத்தகைய புதிர்களை எழுதியவர் டோர்கெமாடா எனப் புனைபெயர் பூண்டார். 1939 இல் அவர் இடத்துக்கு வந்த பண்டைமொழி ஆசிரியர் சிமெனிஸ் என்று தம்மை அழைத்துக்கொண்டார். இரண்டும் ஸ்பானிய மத விசாரணைத் தலைவர்களின் பெயர்கள்! இலத்தீன், பைபிள், கிரிக்கெட், செவ்வியற் கவிதை ஆகிய உயர்குடிப் பாடசாலைச் செல்வங்கள் இப்புதிர்களின் மூலதனமாயின. அச்செல்வம் இல்லாதவன் புறத்தே நின்றான். காலனி நாடுகளில் ஆங்கிலம் கற்ற நடுத்தர வகுப்பினர் இப்புதிர்களைத் தீர்த்துத் தம் தகுதியை நிரூபிக்க முயன்றதன் காரணமும் இதுவே.

போர் மூண்டபோது இவ்விளையாட்டின் வேறொரு முகம் வெளிப்பட்டது. 1942 ஜனவரியில் ‘டெலிகிராப்’ பன்னிரண்டு நிமிடத்துள் புதிரைத் தீர்க்கும் போட்டியொன்றை நடத்தியது. பங்குபற்றியோருட் சிலருக்குப் பின்னர் இரகசியக் கடிதங்கள் வந்தன. அவர்கள் பிளெச்லி பார்க் என்னும் இடத்திற் பகைவரின் மறைகுறிச் செய்திகளை உடைக்கும் பணியிற் சேர்க்கப்பட்டனர். அங்கு பணிபுரிந்தோரில் ஏறத்தாழ முக்காற் பங்கினர் பெண்கள். 1970கள் வரை அவர்களின் உழைப்பு உலகுக்கு மறைக்கப்பட்டிருந்தது. ‘நியூயோர்க் டைம்ஸ்’ தன் முதற் புதிரை வெளியிட்டது 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி. அன்றுதான் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரியாக ஏழு வாரங்களின் பின், ஏப்ரல் 5 ஆம் திகதி, கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தன. போரின் துயரை ஒரு நாழிகை மறக்க வாசகருக்குக் கட்டங்கள் தேவைப்பட்டன. அப்பேரரசுகளின் போரைச் சுமந்த ஆசிய மக்களுக்கோ மறப்பதற்கு வழியிருக்கவில்லை.

1944 இல் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. நோர்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்திய வாரங்களில், அத்திட்டத்தின் இரகசியப் பெயர்களாகிய யூட்டா, ஒமாஹா, மல்பெரி, ஓவர்லோர்ட், நெப்டியூன் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக ‘டெலிகிராப்’ குறுக்கெழுத்தில் விடைகளாக வந்தன. புதிரை ஆக்கிய லெனார்ட் டோ ஒரு பாடசாலை அதிபர். புலனாய்வாளர் அவரைக் கடுமையாக விசாரித்தும் குற்றமெதுவும் காணவில்லை. நாற்பது ஆண்டுகளின் பின், 1984 இல், அவருடைய பழைய மாணவரொருவர் விளக்கமொன்றைக் கூறினார். அதிபர் வெற்றுக் கட்டங்களிற் சொற்களை நிரப்பும் வேலையைத் தம் மாணவரிடம் கொடுப்பது வழக்கம். அருகிலிருந்த முகாம்களின் படைவீரரிடம் கேட்ட சொற்களையே சிறுவர் அவற்றில் இட்டனர் என்பது அவர் கூற்று. இது மெய்யாயின், தளபதிகள் பெட்டகத்திற் பூட்டிவைத்த அறிவு சாதாரண வீரரின் பேச்சிலே உலாவியதென்பதும், அதனைச் சிறுவரின் செவி பற்றிக்கொண்டதென்பதும் பெறப்படும்.

கீழைத்தேயத்தில் குறுக்கெழுத்து பணத்துடன் பின்னிப் பிணைந்தது. தமிழ்நாட்டில் 1930களில் ‘ஆனந்த விகடன்’ குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியமை இதழியல் வரலாறு அறிந்தோர்க்குத் தெரியும். இந்தியா முழுவதும் இத்தகைய பரிசுப் போட்டிகள் பெருகின. கட்டணம் செலுத்தி விடை அனுப்பவேண்டும். ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். நடத்துபவரின் முத்திரையிட்ட உறையிலுள்ள சொல்லே சரியான விடை. அறிவின் பெயரால் நடைபெற்ற சூது அது. குறைந்த வருவாயுள்ள எளியோரின் நம்பிக்கையே அதன் முதலீடு. 1955 இல் இந்தியப் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றி, ஒரு மாதத்தில் வழங்கும் பரிசு 1000 ரூபாவையும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2000 ஐயும் மீறலாகாது என வரையறுத்தது. 1957 இல் பம்பாய் மாநிலத்துக்கும் ஆர்.எம்.டி.சி. எனப் பெயர்பெற்ற போட்டி நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில், சூதாட்டம் அரசியலமைப்பின் பாதுகாப்புக்குரிய வணிகமாகாது என்று இந்திய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியாயின் இவ்வடிவமே நமக்கு வேண்டாததா? அவ்வாறு முடிவு செய்தல் அவசரமாகும். ரொட்டி யார் அடுப்பில் வெந்தாலும் பசி தீர்ப்பதே. சோவியத் நாட்டின் ‘ஒகன்யோக்’ வார இதழ் 1929 இலேயே குறுக்கெழுத்தை வெளியிட்டது. தமிழ் மொழியும் இவ்வடிவத்தைத் தன் இயல்புக்கேற்ப மாற்றியது. ஆங்கிலக் கட்டத்தில் 26 எழுத்துகளுள் ஒன்றே இடம்பெறும். தமிழிலோ 247 எழுத்துகள் அந்த இடத்துக்கு உரியவை. ‘க’ வும் ‘கா’ வும் வேறு வேறாதலால் இரு சொற்களை ஓரெழுத்திற் சந்திக்கச் செய்தல் கடினம். இவ்விடரைக் கடக்கவே நம் ஏடுகள் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்னும் இரு திசைகளையும் சேர்த்துக்கொண்டன. அந்நிய வடிவமொன்றைத் தம் தேவைக்கு வளைத்துக்கொள்ளும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டென்பதற்கு இஃது எளிய சான்று.

நதியின் பெயரையும் தலைநகரின் பெயரையும் கையடக்கத் தொலைபேசி நொடியில் தந்துவிடும் காலம் இது. மனனத்தின் மதிப்பு வீழ்ந்துவிட்டது. வினாவைத் தொடுப்பவரின் அதிகாரம் மட்டும் வீழவில்லை. எது கேட்கத்தக்கது, எது கேட்கத் தகாதது எனத் தீர்மானிப்பவர் இன்றும் சிலரே. ஆகவே மாணவரை மேலும் சில நூறு விடைகளை உருப்போடச் செய்வதால் மாத்திரம் ஆவது ஒன்றுமில்லை. குறிப்புகளை ஆக்கும் கோலையே அவர்களிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும்.

தோட்டப் பாடசாலை மாணவியொருத்தி, தேயிலைச் செடியை வெட்டித் தளிர்க்கச் செய்யும் பணிக்கு ஐந்து கட்டங்களிற் பெயர் கேட்கட்டும்: கவ்வாத்து. கடற்கரைக் கிராமத்துச் சிறுவன், தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை நான்கு கட்டங்களுள் வினவட்டும்: சோளகம். அவ்வேளை ஆசிரியர் சிலர் விடை தெரியாது வெட்கத்துடன் ஒதுங்கி நிற்க நேரலாம். அந்த வெட்கம் நன்று. தேநீர் கொண்டுவருபவரை நோக்கி, “உங்களுக்குத் தெரியுமா, ஐயா?” என்று கேட்கும் பணிவு அதிலிருந்து பிறக்குமாயின், அன்றே நம் பொது அறிவு உண்மையில் பொதுவாகத் தொடங்கும்.