இயற்கைத் தேர்வு: கறிவேப்பிலை அழகி காட்டும் சான்று

இயற்கைத் தேர்வு என்பது, ஓர் இனத்தைச் சேர்ந்த ஜீவராசிகளிடையே பிறவியிலேயே காணப்படும் சிறு வேற்றுமைகளுள், உயிர் பிழைத்துச் சந்ததியை விருத்தி செய்ய உதவுபவை தலைமுறைதோறும் பெருகுவதற்கும், உதவாதவை அருகுவதற்கும் காரணமான நியதியாகும். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் ஆகிய இருவர் பெயராலும் இக்கொள்கை வாசிக்கப்பெற்றது.

இதைக் கண்ணாரக் காண விரும்புவோர் தூரதேசத் தீவுகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத் தீவில், மேலூரை அடுத்து 2015-இல் திறக்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும், திருச்சிராப்பள்ளி வீடுகளின் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மரமுமே போதும். அங்கே திரியும் கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியில் ஆணுக்கு ஒரே ரூபம்: கரிய சிறகும், பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளி வரிசையும். பெண்ணுக்கோ மூன்று ரூபங்கள். ஒன்று ஆணைப் போன்றது, மற்றொன்று ரோஜா அழகியை ஒத்தது, பிறிதொன்று சிவப்புடல் அழகியை ஒத்தது. இவ்விரு அயல் இனங்களும் புழுப்பருவத்தில் ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேமித்துக்கொள்வன ஆதலால், ஒருமுறை கொத்தித் துன்புற்ற பறவை மறுமுறை அந்நிறத்தை அணுகுவதில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைத் தழைகளில் வளரும் நம் அழகியிடம் அந்நஞ்சு இல்லை. சாயல் மட்டுமே உண்டு.

பூச்சி தானே விரும்பி இவ்வேடம் பூண்டது என்று கருதுவது பெரும்பிழை. என்றோ தற்செயலாய் நஞ்சினத்தைச் சற்றே ஒத்துப் பிறந்த பெண்கள், பறவையின் அலகுக்குச் சற்றே அதிகமாகத் தப்பி, முட்டையிட்டு, அச்சாயலைத் தம் சந்ததிக்கு அளித்தன. எண்ணற்ற தலைமுறைகளில் அச்சாயல் கூர்மையுற்றது. அருகிருந்து நோக்கினால் சிவப்புடல் அழகியின் வயிறு குங்குமச் சிவப்பாகவும், அதைப் போன்ற பெண்ணின் உடல் கறுப்பாகவுமே இருக்கக் காணலாம். சிறகில் இத்துணை நுட்பமாய் அமைந்த வேடம் உடலில் நிறைவேறாதிருப்பது எனக்கு மிக முக்கியமான சான்றாகத் தோன்றுகிறது. இயற்கைத் தேர்வு பூரணத்துவத்தை நாடுவதன்று, பறவையை விலக்கப் போதுமானது எதுவோ அதுவே நிலைக்கும்.

போலிகள் அளவுக்கு மீறிப் பெருகினால், பறவைகள் நஞ்சற்ற இரையையே அடிக்கடி சுவைத்து அச்சம் நீங்கிவிடும். அப்போது அவ்வேடத்தின் பயன் குன்றும். பெண்களில் பல ரூபங்கள் சேர்ந்து நிலவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நஞ்சற்ற இனம் நஞ்சுள்ள இனத்தைப் போலத் தோன்றும் இவ்விசேஷத்தை அமேசான் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு 1862-இல் முதலில் விளக்கியவர் பேட்ஸ். கறிவேப்பிலை அழகியின் பல்வேறு ரூபப் பெண்களும் ஒரே இனத்தவை என்று 1865-இல் எழுதியவர் வாலஸ். முதல் உலகப்போருக்கு முந்திய ஆண்டுகளில் ஃபிரையர் இலங்கையில் இப்பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, இந்த ரூபங்கள் மெண்டல் வகுத்த பாரம்பரிய விதிகளின்படியே இறங்குகின்றன என்று காட்டினார். ஆண் பெண் வேறுபாட்டை ஆளும் ‘டபுள்செக்ஸ்’ என்னும் ஒரே மரபணுவே இவ்வேடத்தையும் நிர்ணயிக்கிறது என்பதை கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் உழைத்தோரும் 2014-இல் வெளியிட்டனர்.