இரவை ஆண்டவர்கள் – 14: ஜெஃபர்சன் தெரு, 206

நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப் புகழ் டிஜே லாரி லெவனைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். சிகாகோவில் புதிய கிளப் தொடங்கிய ராபர்ட் வில்லியம்ஸ் முதலில் அழைத்தது அவரைத்தான். நியூயார்க்கை விட்டு வரமாட்டேன் என்று லெவன் மறுத்துவிட, அவருடைய இளமைக்கால நண்பருக்கு அந்த வாய்ப்பு போனது. 1977இல் சிகாகோ வந்த அந்த 22 வயது இளைஞர் ஃபிராங்கி நக்கிள்ஸ். பிராங்க்ஸில் பிறந்தவர். கான்டினென்டல் பாத்ஸ் என்ற குளியல் விடுதியின் நடன அரங்கில் லெவனோடு சேர்ந்து தொழில் பழகியவர்.

தெற்கு ஜெஃபர்சன் தெரு 206ஆம் எண்ணில் இருந்த மூன்று மாடிப் பழைய தொழிற்கூடம்தான் கிளப். பெயர் ‘வேர்ஹவுஸ்’. மது கிடையாது, பழச்சாறுதான். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். வெளியே தலைகுனிந்து நடக்கவேண்டியிருந்தவர்கள் சனிக்கிழமை இரவு உள்ளே நுழைந்தால் ஞாயிறு நண்பகல் வரை ஆடினார்கள். நள்ளிரவில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நீராவி ரயில் ஓடுவதைப் போல ஓசையை ஒலிக்கவிடுவார் நக்கிள்ஸ். கூட்டம் கத்தித் தீர்த்துவிடும்.

1979 ஜூலை 12 அன்று அதே ஊரில் வேறொரு கூட்டம் கூடியது. காமிஸ்கி பார்க் மைதானத்தில் இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே, வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். இரண்டாம் ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று வெடித்தது இசைமீதான வெறுப்பு மட்டுமல்ல. அந்த இசை யாருடையதோ அவர்கள்மீதான வெறுப்பும் அதில் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. ஆடுவதற்கேற்ற புதிய தட்டுகள் வருவது குறைந்தது. கூட்டமோ வாராவாரம் வந்துகொண்டிருந்தது. நக்கிள்ஸ் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. ஒலிப்பதிவுக் கலை படித்த நண்பர் எராஸ்மோ ரிவேராவின் துணையோடு, பழைய பாட்டுகளை ஸ்பூல் டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி, மறுபடி ஒட்டினார். பாடல்வரிகள் குறைந்தன, டிரம்மும் பேஸும் மட்டும் ஒலிக்கும் சில விநாடித் துண்டு திரும்பத் திரும்ப வந்து நிமிடக்கணக்கில் நீண்டது. பிலடெல்ஃபியா சோல் பாட்டுக்குப் பக்கத்தில் ஐரோப்பிய சின்தசைசர் இசையைச் சேர்த்தார். தட்டுகளை மாற்றிப் போடும் பணியாளராக இருந்தவர் இசையைப் புதிதாக ஆக்குபவராக மாறியது இந்த மேசையில்தான். வேர்ஹவுஸில் கேட்ட இசை வேண்டுமென்று இளைஞர்கள் இசைத்தட்டுக் கடைகளை மொய்க்க, அதற்கு ‘ஹவுஸ்’ என்ற பெயர் நிலைத்தது.

1982 இறுதியில் வேர்ஹவுஸை விட்டு விலகி, ‘பவர் பிளான்ட்’ என்ற சொந்த கிளப்பைத் தொடங்கினார். டெட்ராய்ட்டிலிருந்து வந்த டெரிக் மே என்ற இளைஞரிடம் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினை வாங்கி, சுழலும் தட்டுகளுக்கு அடியில் அதன் தாளத்தை ஓடவிட்டார். ஜேமி பிரின்சிபிளின் ‘யுவர் லவ்’ பாட்டும் இந்தக் காலத்தில் டேப் வழியாகவே பரவியது. 1987இல் டிராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட தட்டில் நக்கிள்ஸ் பெயர்தான் இருந்தது. எழுதிப் பாடியவர் பிரின்சிபிள். அந்தப் பெருமையை அவருக்குத் தராமல் இந்த வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது.

பிறகு நியூயார்க் திரும்பி, டெஃப் மிக்ஸ் குழுவில் டேவிட் மொராலஸோடு பணியாற்றினார். மைக்கேல் ஜாக்சன் பாட்டுக்குக்கூட ரீமிக்ஸ் செய்தார். 1991இல் ‘தி விசில் சாங்’ வந்தது. 1998இல், ரீமிக்ஸ் கலைஞருக்கென்று முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருது இவருக்கே கிடைத்தது. 2014 மார்ச் 31 அன்று, 59 வயதில், நீரிழிவின் சிக்கல்களால் மறைந்தார்.

ஜெஃபர்சன் தெருவின் அந்தப் பகுதிக்கு 2004இலேயே அவர் பெயரைச் சூட்டியிருந்த சிகாகோ மாநகரம், 206ஆம் எண் கட்டடத்தை 2023இல் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

‘யுவர் லவ்’ இன்று எளிதாகக் கேட்கக் கிடைக்கிறது. ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். டிரம் மெஷினை விற்ற டெரிக் மேயும் அவருடைய பள்ளித் தோழர்கள் இருவரும் டெட்ராய்ட்டில் டெக்னோவை உருவாக்கிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.